மூக்கிலிருந்து பேய் கிளம்பும்!

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்கு இந்தியக் கணினி வரலாற்றில் தனி இடம் உண்டு. இந்தியப் புள்ளியியல் கழகமும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஐஎஸ்ஐஜேயூ-1’ என்ற டிரான்சிஸ்டர் கணினி 1966-ல் இயங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு மெஷினுக்கென்று எழுதிய புரோகிராம் பெரும்பாலும் அந்த மெஷினோடு சரி. அது என்ன சொல்கிறதோ அதுதான் விடை, அப்பீல் கிடையாது.

சிக்கல் பிறகு வந்தது. 1970-களில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி விதவிதமான மெஷின்களில் ஏறியது. ஒரே வரிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தந்தது. 1989-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் சி-க்கு விதிகளை வெளியிட்டபோது, சில இடங்களில் கையை விரித்துவிட்டது. விதி வரையறுக்காத வரியை எழுதினால் எது நடந்தாலும் மொழி பொறுப்பல்ல. இதுதான் ‘அன்டிஃபைன்டு பிஹேவியர்’. எழுதியதை மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும், வேகமாக ஓடும் புரோகிராம் தயாரிக்க இது வசதியாகிப்போனது.

புரோகிராமர்கள் சும்மா இருப்பார்களா? 1992-ல் கிளம்பியது அந்தப் புகழ்பெற்ற ஜோக்: அந்த மாதிரி வரியை எழுதினால், கம்பைலர் உங்கள் மூக்கிலிருந்து பேய்களைப் பறக்கவிடலாம், விதிப்படி அதுவும் சரியே!

நம் பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பேய் பழைய சிநேகிதம். தேர்விலும் கேம்பஸ் இன்டர்வியூவிலும் அடிக்கடி வரும் கேள்வி இது: ஐ-யின் மதிப்பு 5. ‘ஐ = ஐ++ + ++ஐ’ என்றால் விடை என்ன? ஜாவாவில் சந்தேகமே இல்லை, 12. இடமிருந்து வலமாகக் கணக்கிட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. சி-யில் அந்த விதி இல்லை; 12, 13, பேய் எல்லாமே சரி. ஆனால் கேள்வித்தாளின் நான்கு ஆப்ஷன்களில் பேய் மட்டும் இருக்காது.

சிரிப்பு அடங்கிய இடமும் உண்டு. 2009-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பகுதியில், நினைவக இடத்தைச் சுட்டும் பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அது எதையும் சுட்டாத வெற்றா என்று அடுத்துச் சோதித்திருந்தார்கள். ‘பயன்படுத்திவிட்டார்களே, அப்படியானால் வெற்றாக இருக்க முடியாது’ என்று ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் மெஷினின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி திறந்தது. விதிப்படி கம்பைலர் மேல் குற்றமில்லை. அதன்பின் இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று ஜிசிசிக்குத் தனியே கட்டளை கொடுத்துத்தான் கெர்னலைக் கம்பைல் செய்கிறார்கள்.

‘என் மெஷினில் நல்லாத்தானே ஓடுது?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: இன்றைக்கு ஓடுகிறது. கம்பைலரின் அடுத்த வெர்ஷன் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.