நாய்ப் பதிவும் தோட்டக் குடியிருப்பும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாயே மிகப் பழையது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. வைரவப் பெருமானின் வாகனமாக அதனைக் கோயிலிற் கண்டு வணங்கும் மக்கள், வீட்டு வாயிலிற் காவலாகவும் அதனை வைத்துள்ளனர். ஆயினும், சோறிடுவதோடு தீர்ந்துவிடாத பொறுப்பொன்று நாய் வளர்ப்பில் உண்டு. அப்பொறுப்பு இன்னாருடையது என்பதைச் சட்டத்தின் வாயிலாக உறுதிசெய்வதே நாய்ப் பதிவு முறையாகும்.

இத்துறையில் இலங்கையில் இரு பழைய சட்டங்கள் எழுந்தன. ஒன்று 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம்; மற்றையது 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம். முன்னையது நோய் பரவுங்காலத்து நாய்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அளித்தது. பின்னையது, நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்திற் கட்டணஞ் செலுத்தித் தம் நாயைப் பதிதல் வேண்டும் என விதித்தது.

இதனை வெறும் வரி என்று கருதுவார் பலர். நோயின் இயல்பை நோக்குவார்க்கு அக்கருத்து நில்லாது. நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றியபின் அதனின்று பிழைத்தவர் மிக அரியர். எனினும் கடியுண்ட இடத்தைச் சவர்க்காரமும் நீருங் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பு மருந்து பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனை இவ்வழியாற் காத்தார். கடித்த நாய் யாருடையது, தடுப்பூசி பெற்றதா என்பன தெரிந்தால் மருத்துவரின் முடிவு எளிதாகும். ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் அங்கு நோய் பரவுதல் அறும் என்பர் நிபுணர். மொத்தம் எத்தனை நாய்கள் என்று அறியாதவிடத்து எழுபது வீதத்தை எங்ஙனங் கணக்கிடுவது? ஆதலின் பதிவேடே தடுப்பூசிப் பணிக்கு அடிப்படையாகும்.

பணி நிகழாது கட்டணம் மட்டும் எஞ்சினால் விளைவது யாது என்பதற்கு இங்கிலாந்து சான்றாகும். அங்கு 1878இல் ஏழரைச் சிலிங்காக இருந்த நாய் அனுமதிக் கட்டணம் நூறாண்டு கடந்தும் உயராது 37 பென்சாய் நின்றது. வருவாயினும் வசூலிக்குஞ் செலவே மிகுந்தமையால் 1987இல் அம்முறை கைவிடப்பட்டது.

மலையகத்திலோ குறை வேறு வகையினது. நுவரெலியா மாநகர சபையும் ஹற்றன் டிக்கோயா நகர சபையும் தத்தம் நகரெல்லைக்குரியவை. அவ்வெல்லைக்கு அப்பால் மலைச்சரிவெங்கும் பரந்த தோட்டங்கள் பிரதேச சபைகளின் நிலப்பரப்பில் அடங்கினும், அவற்றின் பணிகள் லயங்களை எட்டவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் நிதி செலவிடுதற்குத் தடையாயிருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபை அமைத்தும் அச்சபையின் உதவியை முழுமையாகப் பெறமுடியாத இந்நிலை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே மாறியது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்னும் புதிய சபைகளுந் தோன்றின.

லயத்து வாழ்க்கைக்கும் பதிவு விதிக்கும் இடையே மற்றோர் இடைவெளியும் உளது. உடையவர் ஒருவர், நாய் ஒன்று என்பது சட்டத்தின் எண்ணம். ஒரே கூரையின்கீழ் நிரையாக அமைந்த காம்பிராக்களில், ஒரு வீட்டில் உண்டு மறுவீட்டுத் திண்ணையில் உறங்கும் நாய்க்கு உடையவர் பலர், பதிவேட்டிற்கோ ஒருவருமிலர். அதனைப் பதிய நகருக்குச் செல்பவர் ஒரு நாட் பெயரை, அஃதாவது ஒரு நாட் கூலியை, இழத்தல் வேண்டும். சிறுத்தை நடமாடும் மலைகளில் நாயே அதற்கு எளிய இரையுமாகும். காவலுக்கென வளர்க்கும் நாயே சிறுத்தையை லயத்து வாயிலுக்கு அழைத்து வருதலும் உண்டு.

கொல்லுதலால் இக்குறை தீராது என்பதை நாடு உணர்ந்துள்ளது. 2006 முதல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் நிறுத்தப்பட்டுத் தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. 1973இல் இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் மாண்டோர் 377 பேர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதிற்குங் கீழே இறங்கியுள்ளது. நாய்களுக்கு ஊசி ஏற்றியமையும், கடியுண்டார்க்கு அரசினர் மருத்துவமனைகளில் இலவச மருந்து கிடைத்தமையும் இதற்குப் பெருங் காரணங்களாம்.

எஞ்சிய இறப்புகளையும் ஒழிக்க வேண்டின், பதிவேடு மக்களைத் தேடிச் செல்லுதல் வேண்டும். பெரட்டுக் களத்திலோ கோயில் முன்றலிலோ ஒரு ஞாயிறன்று ஊசியும் பதிவும் ஒருங்கே நிகழுமாயின் கூலி இழப்பில்லை. பொது நாய்க்கு லயத்தார் கூடி ஒருவரைப் பொறுப்பாளராக்கலும் எளிதாம். சபைகளைத் தடுத்த சட்டம் திருத்தப்பட்டுவிட்டமையின், இனி வேண்டுவது முயற்சியே. நாய்க்கடியுண்ட பிள்ளை பயந்து அதனை மறைத்துவிடுதல் உண்டு. அதனை உடனே சொல்லப் பழக்குவது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை. அப்பிள்ளையைக் கடித்த நாய் ஊசி பெற்றதாயிருக்கச் செய்வது சபையின் கடமை.