பனிமூட்டமும் தானியங்கிக் கதவும்

அப்புத்தளையில் பிற்பகல் வேளைகளில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து, கடைவீதியையும் புகையிரத நிலையத்தையும் ஒருங்கே மறைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலுள்ள ஊரன்றோ! அத்தகைய ஒரு மாலையில் வீட்டுக்காரர் ஒருவர் தமது மோட்டார் வண்டிக் கொட்டகையின் முன் நின்று ரிமோட்டை அழுத்துகிறார் என வைத்துக்கொள்வோம். கதவு அசையவில்லை. "பனி அலையை மறிக்கிறது" என்கிறார் அவர். அவ்வாறு எண்ணுவது இயல்பே; ஆயின், உண்மை அதுவன்று.

ரிமோட் அனுப்புவது வானொலி அலையே. இத்தகைய கருவிகள் பல 433 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்குவன. அதன் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். பனித்துளியோ ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவினது. யானை செல்லும் வழியைக் கடுகு மறிக்குமா?

உண்மையான இடையூறு வேறு அலைகளால் விளைவது. திருவிழாச் சந்தடியில் குழந்தையின் குரல் தாயின் காதில் விழாதவாறுபோல, வலிய அலையொன்று அருகில் எழுந்தால் ரிமோட்டின் மெல்லிய கட்டளை கதவிலுள்ள வாங்கியை எட்டாது. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எக்ளின் விமானப்படைத் தளத்தார் புதிய வானொலித் தொடர்பைச் சோதித்தபோது, சுற்றுப்புற வீடுகளின் கதவுகள் பல ரிமோட்டுக்குப் பணிய மறுத்தன. இரண்டும் 390 மெகாஹேர்ட்ஸ் அளவிலான மீடிறன்களைப் பயன்படுத்தியமையே காரணம். நம் வீடுகளிலோ, கதவருகே மாட்டிய தரங்குறைந்த எல்.இ.டி. மின்குமிழ் ஒன்றே இவ்விடையூற்றைச் செய்யக்கூடும். அதனை அணைத்துவிட்டு மீண்டும் அழுத்திப் பாருங்கள். மின்கலத்தையும் மாற்றிப் பாருங்கள்.

மோட்டார் முனகியும் கதவு எழவில்லையெனில், அங்கே குற்றவாளி அலையன்று; சுருள்வில் முறிந்திருக்கலாம். கதவின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் இவ்வில்லேயாகும். மோட்டார் அதற்குத் துணை மாத்திரமே. கதவு மூடியிருக்கும்போதுதான் வில் மிக இறுக முறுக்கேறியிருக்கும். அறியாதவர் அதன் ஆணியைத் தளர்த்தினால், அடங்கியிருந்த ஆற்றல் முழுவதும் ஒரு கணத்தில் வெளிப்பட்டு, கையையோ கண்ணையோ பறித்துவிடும்.

மேலே தூக்கும் கதவுகளின் சாதாரண வில் ஏறத்தாழ 10,000 தடவை திறந்து மூடுவதற்கென அமைக்கப்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு தடவை திறந்தால் ஏழாண்டுகளுக்குள் அதன் ஆயுள் முடியும். துரு ஏறினால் இன்னும் விரைவில் முறியும். அலையை மறிக்காத மலைப்பனி, ஈரத்தால் இரும்பை அரிப்பதில் வல்லது! ஆகவே, துருவோ வெடிப்போ கண்ணிற்பட்டால், அத்தொழில் தெரிந்தவரை அழைப்பதே அறிவுடைமை. வில் முறிந்த கதவு திறந்து நின்றால், மோட்டார்ப் பிணைப்பை விடுவிக்கும் கயிற்றை ஒருபோதும் இழுத்தலாகாது. பாரம் முழுவதும் கீழே விழும்.

சிறுவர்களைக் காக்க மற்றுமொரு சோதனை உண்டு. கதவின் கீழ் மரத்துண்டொன்றைத் தட்டையாக வைத்து, எட்ட நின்று கதவை இறக்குங்கள். மரத்தைத் தொட்டதும் கதவு மேலே திரும்புதல் வேண்டும். திரும்பாவிடில், பழுது நீங்கும்வரை அதைப் பயன்படுத்தாதிருங்கள். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு முதல் செய்யப்படும் வீட்டுக் கதவுப் பொறிகளில், குறுக்கே யாரேனும் வந்தால் கண்டுணரும் மின்கண் போன்ற காவலும் கட்டாயமாக்கப்பட்டது.

பொத்தானை அழுத்துவது குழந்தைக்கும் எளிது. அதன் பின்னே அடங்கியிருக்கும் வலிமையை அறிந்து வைத்திருப்பது பெரியோர் கடமை.