எழுதிக் கற்ற மாணவர்

ஒன்றை நாம் உண்மையில் விளங்கிக்கொண்டோமா என்பதை அறிய, அதனைப் பிறர்க்கு எழுதிப் பார்த்தலே தக்க வழியாகும். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் இதற்குச் சான்றாவார்.

1956 ஆம் ஆண்டு கேஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்த அவர், ஐ.பி.எம். 650 கணினியின் கைந்நூலைக் கற்றார். அதிற் கண்ட செய்நிரல்களை இன்னும் செம்மையாக எழுதலாமே என்ற எண்ணம் அவருள் எழுந்தது. கணினியியல் தனித்துறையாக வளராத அக்காலத்தில் அவர் பட்டம் பெற்றது கணிதத்திலேயே. 1962 இல், மேற்பட்ட மாணவராயிருந்தபோதே, நூலொன்று எழுதித் தருமாறு பதிப்பகமொன்று அவரை வேண்டிற்று. ஒரு நூலெனத் தொடங்கிய பணி பல தொகுதிகளாக விரிந்தது. முதலாவது 1968 இல் வெளிவந்தது. நான்காவதன் முதற்பகுதியோ 2011 இலேதான் வந்தது.

நூலிற் பிழை கண்டு கூறுவோர்க்கு 2 டொலர் 56 சதம் காசோலையாக அனுப்புவதை அவர் வழக்கமாகக் கொண்டார். செய்நிரல் பொறிக்கு இடும் கட்டளை மட்டுமன்று, மனிதர் படித்துணரும் எழுத்துமாகும் என 1984 இல் வலியுறுத்தினார்.

இயங்கும் செய்நிரலை எழுதிவிட்டு, அது ஏன் இயங்குகின்றதென்று கேட்டால் விழிக்கும் மாணவரை நாம் வகுப்பறையிற் காண்கின்றோம். பெற்றோர் கணினி வாங்கிக் கொடுப்பதோடு அமையாது, பிள்ளைகள் கற்றதை ஒரு பக்கம் தமிழில் எழுதித் தருமாறு கேட்பாராக. அது வீட்டிலுள்ள தங்கைக்கும் விளங்குமாயின், அதுவே மெய்யான கல்வி.