பறக்கிற குருவி கூட்டலா, கழித்தலா?

இருங்காட்டுக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கிற அவள் மகள் நோட்டை நீட்டி, "மாமா, இது ஏன் தப்பு?" என்றாள். கிளையில் 3 குருவி, பக்கத்தில் பறக்கிற மாதிரி 2 குருவி. படத்தைப் பார்த்துக் கணக்கு எழுத வேண்டும். இவள் 3 + 2 = 5 என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்து, சிவப்பு மையில் 5 − 2 = 3.

அந்த 2 குருவி வருதா, போகுதா? மூக்கு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்தோம். ரெண்டும் நேராக எங்களைத்தான் பார்த்தன! "பறந்து போச்சு" என்பது டீச்சர் மனசில் இருந்த கதை, "வந்து சேர்ந்தது" இவள் மனசில் இருந்த கதை. படத்தில் இருப்பது முழுசு 5, பகுதிகள் 3, 2 என்கிற உறவு மட்டும்தான். அதிலிருந்து 2 + 3 = 5, 5 − 3 = 2 என்றும் எழுதலாம். நாலுமே சரி.

1980களில் சிங்கப்பூர் தொடக்கப்பள்ளிகளில் கொண்டுவந்த பட்டை முறையில் இந்தக் குழப்பம் குறைவு. முழுசுக்கு ஒரு பட்டை. அதன் கீழே, அதே நீளத்துக்குப் பகுதிகளை ஒட்டி வரைவார்கள். (1557இல் ராபர்ட் ரெக்கார்ட் சமக்குறியாகப் போட்டதும் சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைத்தான். பட்டைப் படம் எனக்கு ஒரு பெரிய சமக்குறியாகவே தெரிகிறது.)

ஆனால் பட்டையின் உண்மையான பலன் ஒப்பிடும் கணக்கில்தான். வாசலில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. அதை வைத்தே கேட்டேன்: "காலை ஷிப்ட் பஸ்ஸில் 42 பேர். இது நைட் ஷிப்ட் பஸ்ஸைவிட 15 பேர் அதிகம். நைட் பஸ்ஸில் எத்தனை பேர்?"

"57!"

'அதிகம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று நாம் பழக்கிவிட்ட வினை இது. தப்பு என்று சொல்லாமல் ரெண்டு பட்டை போடச் சொன்னேன்.

"எந்த பஸ்ல ஆள் ஜாஸ்தி?"

"காலைல."

காலைக்கு நீளப் பட்டை, உள்ளே 42. நைட்டுக்குக் குட்டைப் பட்டை, உள்ளே கேள்விக்குறி. நீளப் பட்டையில் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்த துண்டில் 15. படத்தைப் பார்த்தபடியே ? + 15 = 42 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே 42 − 15 = 27. கவனிங்க, கதையைச் சொல்லும் சமன்பாடு கூட்டல், விடை எடுக்கும் சமன்பாடு கழித்தல். இரண்டுக்கும் ஒரே படம்.

டீச்சர்மேல் எனக்குக் கோபமில்லை. விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருந்திருக்கும். வரைந்தவர் குருவிக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் இந்தச் சிவப்பு மைக்கே வேலை இல்லை.