ஐபோன் (முதல் தலைமுறை)

ஐபோன் (முதல் தலைமுறை) என்பது ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் திறன்பேசி ஆகும். 2007 சனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மாக்வேர்ல்டு மாநாட்டில் ஸ்டீவ் ஜொப்ஸ் இதனை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு சூன் 29 அன்று ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 4 ஜிகாபைட் நினைவகம் உடையது 499 டாலருக்கும், 8 ஜிகாபைட் உடையது 599 டாலருக்கும் விற்கப்பட்டன. இவ்விலையுடன் ஏடி அன்ட் டி நிறுவனத்தோடு ஈராண்டு ஒப்பந்தமும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இதன் குறைகளுள் மென்பொருளால் நீங்கக் கூடியவை எவை, வன்பொருளிலேயே உறைந்துவிட்டவை எவை எனப் பிரித்து அறிந்தாலன்றி இக்கருவியைச் சரிவர மதிப்பிட இயலாது.

தொடுதிரை

இதன் திரை 3.5 அங்குல அளவும் 320×480 படவணுக்களும் கொண்டது. அக்காலத்துத் தொடுதிரைகளுள் பல அழுத்தத்தால் இயங்கின. எழுத்தாணியாலோ நகத்தாலோ அழுத்தும்போது இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடத்தைக் கருவி கண்டுகொள்ளும். ஐபோனின் திரை மின்தேக்க வகையைச் சேர்ந்தது. கண்ணாடியின் கீழ் மின்முனைகள் வலைபோல் அமைந்துள்ளன. மனித விரல் மின்சாரத்தைக் கடத்துவதால், அது நெருங்கும் இடத்தில் மின்தேக்குதிறன் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு விரல் இருக்கும் இடம் கணிக்கப்படுகிறது. ஆகவே அழுத்தத் தேவையில்லை. ஒரே நேரத்தில் பல விரல்களையும் உணர முடிவதால், இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கலாம்.

மின்தேக்கத் தொடுதிரையை முதலில் கைபேசியில் பயன்படுத்தியது ஐபோனே எனப் பலர் கருதுவதுண்டு. இது சரியன்று, எல்ஜி பிராடா கைபேசி அதற்கு முன்னரே கடைகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் பல்தொடு வசதி இல்லை.

சனவரியில் காட்டப்பட்ட மாதிரியில் நெகிழித் திரையே இருந்தது. எளிதில் கீறல் விழும் என்பதால் விற்பனைக்கு முன் அது கண்ணாடியாக மாற்றப்பட்டது.

நோக்கியா என்95 உடன் ஒப்பீடு

2007 மார்ச்சில் வெளிவந்த நோக்கியா என்95 அப்போதைய வலுவான போட்டிக் கருவி. அதில் 5 மெகாபிக்சல் ஒளிப்படக்கருவி, நிகழ்பட ஒளிப்பதிவு, புவியிடங்காட்டி, மூன்றாம் தலைமுறை இணைப்பு, நினைவக அட்டைக்கான இடம், கழற்றி மாற்றத்தக்க மின்கலம் ஆகியன இருந்தன. ஐபோனில் இவற்றுள் எதுவும் இல்லை. ஒளிப்படக்கருவியும் 2 மெகாபிக்சல் மட்டுமே. வசதிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் என்95-ஐயே தேர்ந்தெடுப்பார். இரண்டின் உலாவிகளும் வெப்கிட் என்னும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் 2.6 அங்குலத் திரையில் விசைகளால் சுட்டியை நகர்த்திப் படிப்பதற்கும், பெரிய திரையில் விரலால் தள்ளிப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

குறைகள்

வெளியானபோது உரையை வெட்டி ஒட்டும் வசதி கூட இதில் இல்லை. பிறர் எழுதிய செயலிகளையும் நிறுவ இயலவில்லை; வலைப்பக்கங்களாகவே செயலிகளை எழுதுமாறு ஆப்பிள் முதலில் அறிவுறுத்தியது. இவ்விரண்டும் மென்பொருள் குறைகள். 2008 சூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. 2009 சூனில் ஐபோன் ஓஎஸ் 3.0 வெட்டி ஒட்டும் வசதியைத் தந்தது. முதல் நாளில் வாங்கியவரின் கருவிக்கும் இவை இரண்டும் கிடைத்தன. புவியிடங்காட்டி இல்லாத குறையும் ஓரளவு தீர்ந்தது: 2008 சனவரியில் வந்த இற்றைப்படுத்தல், அருகிலுள்ள கோபுரங்களையும் வை-ஃபை நிலையங்களையும் கொண்டு இருப்பிடத்தைத் தோராயமாகக் காட்டியது.

வன்பொருள் குறைகளுக்கு இத்தகைய மருந்து இல்லை. எட்ஜ் இணைப்பின் மெதுவான வேகம் இறுதிவரை நீடித்தது. மூன்றாம் தலைமுறைச் சில்லுகள் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் என்பது ஜொப்ஸ் கூறிய காரணம். பல்லூடகச் செய்தி வசதி 3.0 பதிப்பில் வந்தபோதும் இக்கருவிக்கு அளிக்கப்படவில்லை. மின்கலம் உள்ளே பற்றாசு வைத்து இணைக்கப்பட்டிருந்ததால், அது தேய்ந்தபின் பயனரே மாற்றுவது கடினம். காதணி ஒலிவாங்கித் துளை குழிவாக அமைந்ததால் வழக்கமான செருகிகள் பல பொருந்தவில்லை. இது முற்றிலும் தவிர்த்திருக்கக் கூடிய பிழை.

விலைக் குறைப்பு

2007 செப்டம்பர் 5 அன்று 8 ஜிகாபைட் கருவியின் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. 4 ஜிகாபைட் கருவி நிறுத்தப்பட்டது. பத்து வாரங்களுக்குள் 200 டாலர் இழந்த முதல் வாடிக்கையாளர்கள் கடும் அதிருப்தி தெரிவித்தனர். இதனையடுத்து ஜொப்ஸ் வெளிப்படைக் கடிதம் எழுதி, அவர்களுக்கு 100 டாலர் கடைவரவு அறிவித்தார்.

பின்வந்தவை

2008 சூலையில் வெளியான ஐபோன் 3ஜி, மூன்றாம் தலைமுறை இணைப்பையும் புவியிடங்காட்டியையும் சேர்த்தது. முதல் தலைமுறைக் கருவி இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. 2008 ஆகத்தில் ஐபோன் 3ஜி-யே முதலில் வந்தது. 2010 சூனில் வெளியான ஐஓஎஸ் 4 முதல் தலைமுறைக் கருவிக்கு வழங்கப்படவில்லை. 3.1.3 அதற்குக் கிடைத்த இறுதிப் பதிப்பாகும்.