பழகிப் போகக் கூடாதது

கொசுக்கடிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கும் நாம் பழகிக் கொள்கிறோம். கொலைக்கும் மனிதன் பழகுவானா?

வட அயர்லாந்தில் பழகினார்கள். கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டுகளுக்கும் இடையே 1960-களின் இறுதியில் மூண்ட பகை, முப்பதாண்டுகளில் சுமார் 3,500 உயிர்களைக் குடித்தது. ‘ஏற்கத்தக்க அளவு வன்முறை’ என்ற கருத்தில் 1971-இல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் பேசினார். செத்தவன் வீட்டில் அந்த அளவுகோல் ஏது?

1976 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ராணுவம் சுட்டு, ஐ.ஆர்.ஏ. ஆயுததாரி ஒருவர் ஓட்டிய கார் தறிகெட்டு ஓடியது. தாயோடு சென்ற மூன்று பிள்ளைகள் மாண்டனர். ஒன்று ஆறு வாரக் கைக்குழந்தை. அதைக் கண்ட பெட்டி வில்லியம்ஸ் என்ற குடும்பப் பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்துத் திரட்டினார். பிள்ளைகளின் தாயுடைய சகோதரி மெய்ரீட் காரிகனும் சேர்ந்தார். இரு தரப்புப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஒன்றாக நடந்தனர். இருவருக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அமைதிதான் உடனே கிடைக்கவில்லை.

1998-இல்தான் உடன்படிக்கை வந்தது. வாக்களித்தோரில் 71 விழுக்காட்டினர் ஏற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தபோது, ஐ.ஆர்.ஏ.வின் செயல்களைக் கண்டிக்கத் தயங்கி வந்த சின் ஃபெயின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸும் ஒளிவு மறைவின்றிக் கண்டித்தார்.