தூக்குவதற்கு முன்

கழுத்து எலும்புகள் ஏழு. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குவதும், மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடத்தைக் காப்பதும் அவற்றின் வேலை. சுண்டுவிரல் பருமனே உள்ள அந்த வடத்திலிருந்து பிரியும் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையிலான கழுத்து நரம்புகள்தான் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதனால்தான் கழுத்தின் மேல்பகுதியில் விழும் அடி கைகால்களோடு மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது.

தலை நிமிர்ந்திருக்கும்போது கழுத்து முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். மோதும் வேகத்தை வில்போல வாங்கிக்கொள்வது அந்த வளைவுதான். தலை சற்றுக் குனிந்தால் வளைவு மறைந்து ஏழு எலும்பும் ஒரே கம்பமாகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலை எதிலாவது மோதினால், பின்னால் வரும் உடம்பின் எடை முழுவதும் கம்பத்தை நசுக்கும். தலையால் முட்டி எதிராளியைத் தடுப்பதை அமெரிக்கக் கால்பந்தில் 1976-இல் தடை செய்தார்கள். அந்த ஆண்டு அங்கே கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984-இல் 5 பேர். ஒரு விதி செய்த வேலை அது.

கம்பம் பள்ளத்தாக்கின் கபடிக் களங்களிலும் இதே கதைதான். பாடி வருபவரின் கணுக்காலைப் பிடிக்கத் தலையைத் தாழ்த்திப் பாய்பவரின் உச்சந்தலை அவருடைய முழங்காலில் போய் மோதுகிறது. பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஜல்லிக்கட்டுகளில் திமிலை விட்டுத் தலைகுப்புற விழுபவருக்கும், பெரியகுளத்தின் கோடைக்காலக் கூடைப்பந்துப் போட்டிகளில் எகிறிய இடத்தில் இடிபட்டு மல்லாக்க விழுபவருக்கும் கழுத்துதான் முதல் கவலை. கும்பக்கரைப் பாறைக் குழிகளில் ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதிப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து.

தமிழ்நாடு அறிந்த இருவரின் வாழ்க்கை இப்படித்தான் மாறியது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் சிதைந்து, கைகால் செயலிழந்தார். 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 19 வயதுக்குட்பட்டோருக்கான தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த பிரீத்தி சீனிவாசனுக்கு 1998-இல் புதுச்சேரிக் கடலில் அதே கதி நேர்ந்தது. அவர் பின்னர் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ என்ற அமைப்பை உருவாக்கினார்.

நம் ஊர் மைதானங்களில் ஒருவர் விழுந்தால் நடப்பது ஒன்றுதான். பத்துப் பேர் ஓடுவார்கள். ஒருவர் அக்குளில் கைகொடுத்து உட்காரவைப்பார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். எல்லாம் நல்ல மனத்தோடுதான். ஆனால் முறிந்தும் விலகாமல் இருந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்குவது பல நேரங்களில் அந்த உட்காரவைப்பில்தான்.

கழுத்தின் நடு எலும்பைத் தொட்டால் வலி, கைகால்களில் மதமதப்பு அல்லது ஊசி குத்தும் உணர்வு, கையை இறுக்க முடியாத பலவீனம், தன்னை அறியாமல் சிறுநீர் போவது, மார்பு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்கும் மூச்சு ஆகியவை அபாயக் குறிகள். ஒரு கை மட்டும் தீப்பட்டதுபோல் எரிந்து சில நிமிடங்களில் அடங்கினால், பெரும்பாலும் அது தோளுக்குப் போகும் நரம்பு இழுபட்டதாக இருக்கும். இரண்டு கையும் எரிந்தால் தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். நினைவிழந்தவருக்குக் கழுத்தில் அடி என்றே வைத்துக்கொள்வது நல்லது.

அப்படிப்பட்டவரைக் கிடந்த நிலையிலேயே விட்டு, ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுக்கவோ நேராக்கவோ கூடாது. ஹெல்மெட் இருந்தால், மூச்சுக்குத் தடையாக இல்லாதவரை கழற்ற வேண்டாம். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைத்ததும் ‘கழுத்தில் அடி’ என்று சொல்லிவிட வேண்டும். வாந்தி வந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலைமாட்டில் இருப்பவர் சொல்லுக்கு, உடம்பையும் தலையையும் மரத்துண்டை உருட்டுவதுபோல ஒரே சேரத் திருப்பலாம். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் கணக்கு மாறும்: அப்போது கழுத்தைவிட உயிர் முதலில். உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். பெரியகுளத்தில் அரசு தலைமை மருத்துவமனையும் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஆட்டோவில் மடித்துப்போட்டு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்வதில் லாபம் ஏதும் இல்லை.

அடிபடுபவர்களில் பலருக்கு வெறும் தசைப்பிடிப்புதான். அபாயக் குறி எதுவும் இல்லாமல், இரண்டு பக்கமும் கழுத்தைத் தானாகத் திருப்ப முடிந்தால் பயமில்லை. மறுநாள் காலையில் வலி கூடுவது சகஜம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வீதம் வைத்து, பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கழுத்துப் பட்டையை நாள்கணக்கில் போட்டுக்கொண்டால் தசை இளைக்கும். மெதுவாக அசைப்பதே மருந்து. வலியின்றிக் கழுத்து முழுவதும் திரும்பி, கைகளின் பலம் பழையபடி வந்த பிறகே களத்துக்குத் திரும்பலாம்.

சுளுக்கு வழிப்பதும் சலூன் நாற்காலியில் கழுத்தை நெட்டி முறிப்பதும் அடிபட்ட கழுத்துக்கு ஆகவே ஆகாது. எலும்புகளின் ஓட்டை வழியே மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய்கள் கிழியக்கூடும். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸ் 2014 நவம்பரில் கழுத்தில் பந்து பட்டு இறந்தது அப்படி ஒரு குழாய் கிழிந்ததால்தான். சிறு கிழிசல் சில நாள் கழித்தும் வெளிப்படலாம். பிடரியில் புதுவிதத் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போட்டி நடத்துபவர்கள் கோப்பைக்கும் மைக்செட்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் பலகைக்கும் இடம் வைக்கட்டும். தலையைப் பிடிக்கப் பழகிய இரண்டு பேர் களத்தின் ஓரத்தில் இல்லாமல் முதல் விசிலை ஊத வேண்டாம்.